சோற்றுச் சூடு காட்டுக்குப் போன விவகாரம்

“என் தலகாணி எங்கடி?”

“அதுல சோறு படுத்திருக்கு.”

“என்னது?”

“சோறு படுத்திருக்குன்னேன். கத்தி எழுப்பாத மாமா.”

சன்னாசி குனிந்து பார்த்தான். ரப்பர் தகடுகளை அடுக்கி அனுப்புகிற பலகைப் பெட்டி ஒன்று அடுப்படி மூலையில் இருந்தது. அதற்குள் அவனுடைய இலவம்பஞ்சுத் தலையணை, அவளுடைய தலையணை, மெத்தையின் வயிற்றைக் கிழித்து எடுத்த பஞ்சு, இரண்டு சாக்கு. எல்லாவற்றுக்கும் நடுவில் கழுத்து வரை போர்த்திக்கொண்டு ஓர் ஈயச் சட்டி.

“பதினாறு வருசமா அதுலதான் தல வைக்கிறேன். ஒரு வார்த்த கேட்டியா?”

“ஒன் தல சூடா இருக்கணும்னு உத்தரவு இருக்கா? சோறு சூடா இருக்கணும்னு இருக்குலா.”

உத்தரவு இருந்தது உண்மைதான்.

ஈஜோக் சாலையில் ஏழாவது மைல்கல்லில், ஏழாங்கட்டையில், உள்ளே திரும்பும் அந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரச் சர்க்காரை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிகிறவர்களுக்கு ஒரு பருக்கை போய்விடக் கூடாது என்று முதலில் வீட்டுக்கு வீடு அரிசியை அளந்தார்கள். பிறகு கடையில் மீன் டின் விற்கும்போதே, பதுக்க முடியாதபடி, அதில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். கடைசியில் வீட்டில் அரிசியே இருக்கக் கூடாது என்று ஆனது. வேலிக்குள் ஒரே ஒரு அடுப்பில் எல்லாருக்கும் சேர்த்துச் சமையல். கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மீரா சாகிபு நானா வந்து வடித்துக் கொட்டுவார். மாலை ஐந்து மணிக்குச் சட்டியோடு வரிசையில் நிற்க வேண்டும். வெந்த சோறு ஒரே நாளில் கெட்டுவிடும், கெட்டுப்போவதை எவனும் காட்டுக்குக் கடத்த மாட்டான் என்பது மேலிடத்தின் யோசனை. நல்ல யோசனைதான். யோசித்தவர்கள் எவரும் தமிழர் வீட்டில் விடியற்காலையில் சாப்பிட்டதில்லை என்பது ஒன்றுதான் குறை.

அந்தக் குறையை உணவுக் கட்டுப்பாட்டுத் துரை ஒரு நாள் தாமே வந்து கண்டுபிடித்தார். புதியவர். யாரோ பாதிரியாரிடம் புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். அவர் வாயைத் திறந்தால் கல்வெட்டு எழுந்து நடந்துவந்து பேசுவது போல இருக்கும். காலை நாலரை மணி. பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுப்பதற்கு முன்னால் சன்னாசியின் பெண்டாட்டி புஷ்பவள்ளி சட்டிக்கு முன் குந்தியிருந்தாள்.

“இது யாது?”

“பழைய சோறுங்க தொரை.”

“எப்பொழுது சமைக்கப்பட்டது?”

“நேத்துச் சாயந்தரம்.”

“எனில் இது கெட்டிருக்க வேண்டுமே.”

“தண்ணி ஊத்தி வச்சா ஏன் கெடுது? லேசாப் புளிச்சு, வயித்துக்குக் குளுகுளுன்னு இருக்கும். ஒரு வாய் சாப்பிடுறீங்களா?”

ஏற்கெனவே வெளுத்த முகம் இன்னும் வெளுக்க இடமிருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

“இவ்வழக்கம் எல்லா வீடுகளிலும் உண்டா?”

“இல்லாம? மாட்டுக்கொட்டா சோமு வீட்ல வெங்காயமும் உண்டு.”

துரை மனத்துக்குள் ஒரு காட்சி ஓடியிருக்க வேண்டும். வாளி வாளியாகத் தண்ணீர்ச் சோறு, மூங்கிலில் காவடி போலத் தொங்கிக்கொண்டு, கெடாமல், அவசரப்படாமல், காட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும் காட்சி.

மறுநாள் பெரட்டுக் களத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிவானந்தம் உத்தரவை வாசித்தார். வேலிக்குள் எந்த நேரத்திலும் சோறு சூடாகவே இருக்க வேண்டும். நூற்றிருபது பாரன்ஹீட் பாகைக்குக் கீழே ஆறிய சோறு பதுக்கிய சோறாகக் கருதப்படும்.

“ஐயா, கையில எடுத்து வாய்க்குப் போறதுக்குள்ள ஆறிட்டா?”

“கெதியா வாயில வையுங்கோ.”

“சூட எதுல அளப்பாங்க?”

சன்னாசி வேலை செய்யும் இடத்தில், ரப்பர் தகடுகளுக்குப் புகை போடும் கொட்டகையில், சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தோட்டத்தில் இருந்தது அது ஒன்றுதான். அன்றிலிருந்து சன்னாசி கொட்டகைச் சூட்டைக் கன்னத்தால் அளந்தான். தோட்டத்துச் சோறெல்லாம் புகை போட்ட ரப்பர் நாற்றம் நாறியது. ஒரே தெர்மாமீட்டரைச் சட்டிக்குச் சட்டி விட்டால் வேறு எப்படி நாறும்?

நாற்றத்தைப் பொறுக்கலாம். காலைப் பசியைப் பொறுக்க முடியவில்லை. மாலையில் தின்ற சோறு விடியும்போது வயிற்றில் ஊர் பேர் தெரியாமல் போயிருக்கும். புஷ்பவள்ளிக்குத் தினமும் பால் வெட்ட முந்நூற்று எண்பது மரம். வெறும் வயிற்றில் வெட்டப் போன மூன்றாம் நாள் இருநூறாவது மரத்தடியில், கையில் கத்தியோடு, மழைத்தண்ணீர் ஓடும் காணுக்குள் விழுந்தாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து பார்த்தார்.

“அடிபட்டுச்சா?”

“இல்ல. பசி.”

“பசிக்கு லீவு கிடையாது. இன்னொருக்க விழுந்தியானா ஒனக்கு மரம் இல்ல, வீட்லயே கெட.”

நாலரை மணிக்கு ஒரு வாய்ச் சோறு. அது இருந்தால் அவளுக்கு மரம் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. அன்று சாயந்தரம்தான் பெட்டியும் தலையணையும் அவள் மூளையில் ஏறின.

“ஆறின சோறு பதுக்குன சோறுன்னு சொல்றான். அப்ப நாலரைக்கும் சூடா இருந்தா அது பதுக்காத சோறுதானே மாமா?”

“எப்படிடி அதுவரைக்கும் நிக்கும்?”

“பஞ்சு மெத்தையில படுத்தா வேர்க்குதுல்ல? ஒன் சூட்ட அது உள்ள வுடாது, நீயே வச்சுக்கன்னு திருப்பிக் குடுத்துருது. அதான் வேர்க்குது. சோத்துக்கும் அதேதான்.”

சன்னாசி தொழில்காரன். சூட்டோடு பழகியவன். தலையணை போன கோபத்திலும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

“சூடு மேலதான் ஏறும். எங் கொட்டகைல மேக்கம்புல தொங்குற தகடுதான் மொதல்ல காயும்.”

“அதான் ஒன் தலகாணிய மேல வச்சிருக்கேன்.”

“இரும்பு அகப்பையச் சட்டிக்குள்ள வுட்டு வைக்காத. காம்பு வழியா ஏறி வந்துரும்.”

“எடுத்துட்டேன்.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு அவன் கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்தான்.

காலையில் சோதனைக்கு வந்தவன் உடையப்பன். நேற்றுவரை மரம் வெட்டிக்கொண்டிருந்து, இன்று துப்பாக்கி தூக்குகிற காவல்காரன். புஷ்பவள்ளிக்குச் சித்தி மகன் முறை. சோற்றுக்குள் தெர்மாமீட்டரை விட்டான், எடுத்தான், துடைத்தான், மறுபடி விட்டான்.

“அக்கா, நூத்து முப்பத்தொண்ணு.”

“அப்ப சட்டப்படி சரிதானே.”

“சரிதான். இந்நேரத்துல எப்படிச் சூடுன்னு கேப்பாங்க. அதான் பயமா இருக்கு.”

“எழுதாம வுட்டுரேன்டா.”

“தொரை நோட்டப் பாப்பாருக்கா. எழுதாம வுட்டா என்னை லோரில ஏத்திருவாங்க.”

புஷ்பவள்ளி ஒரு வாய் சாப்பிட்டாள். பதினொரு மணி நேரம் சூட்டிலேயே கிடந்த சோறு குழைந்து களி மாதிரி இருந்தது. ஆனாலும் சோறு. அன்று முந்நூற்று எண்பது மரத்தையும் வெட்டினாள். வெட்டி முடித்துப் பால் வாளியோடு வரும்போது, அலுவலகத்துக்கு முன்னால் லோரி நின்றது. பச்சைப் படுதா போட்ட லோரி. போன மாதம் எட்டாங்கட்டையிலிருந்து இரண்டு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனதும் அந்த மாதிரி லோரிதான். அவர்களைத் தடுப்பு முகாமில் வைத்திருப்பதாகச் சிலர் சொன்னார்கள், நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். திரும்பி வந்ததாக யாரும் சொல்லவில்லை.

துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் கிராணி. வாசலில் உடையப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அம்மணி, காலை நாலரை மணிக்குச் சோறு சூடாக இருந்தது. ஆகவே நான்கு மணிக்குச் சமைக்கப்பட்டது. ஆகவே உம்மிடம் அரிசி உள்ளது. அரிசி எங்கே?”

“இல்லீங்க தொரை.”

“நெருப்பு எங்கே?”

“அடுப்பத் தொட்டுப் பாருங்க. சாம்பல் ஐஸ் மாதிரி கெடக்கு.”

“தொட்டுப் பார்த்தோம். எண்பத்திரண்டு. அப்படியெனில் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?”

“வரல்லீங்க தொரை. போகல்ல.”

துரை கிராணியைப் பார்த்தார். சிவானந்தம் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பௌதிகத்துக்குப் பரிசு வாங்கியவர். இருபத்தேழு வருடமாக அந்தப் பரிசைப் பற்றி ஒரு மனிதரும் அவரிடம் விசாரித்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்த மனுசி சொல்லுறது சரி துரை. சக்தியை ஆக்கவும் ஏலாது, அழிக்கவும் ஏலாது. உருவம்தான் மாறும். வெய்யில் நெல்லுக்குள்ள போகுது. நெல்லு சோறாகி ஆளுக்குள்ள போகுது. ஆள் கத்தியைப் பிடிச்சு மரத்தை வெட்டுறான். விறகுக்குள்ள இருக்கிற வெய்யில் அடுப்பில வெளிய வந்து…”

“நிறுத்தும். அழிக்க இயலாதா?”

“ஏலாது.”

“எவராலும்?”

“எவராலும்.”

“எனில், ஆறிப்போன சோற்றின் சூடு எங்கே?”

“காத்தோட போயிடும்.”

“காற்று எங்கே போகும்?”

கிராணி ஜன்னல் பக்கம் திரும்பினார். வேலி தெரிந்தது. வேலிக்கு அப்பால் ரப்பர் மரங்கள், அதற்கும் அப்பால் கருநீலமாகக் காடு. அந்த நேரம் பார்த்துக் காற்று நன்றாக அந்தப் பக்கமாகவே வீசிக்கொண்டிருந்தது. சிவானந்தம் பொய் சொல்லத் தெரியாத மனிதர். பரிசு வாங்கியவர் வேறு.

“காட்டுப் பக்கமாத்தான் போகுது.”

“ஆக, முந்நூறு பேருடைய சோற்றுச் சூடு நாள்தோறும் காட்டுக்குப் போகிறது.”

“அப்பிடிச் சொல்லுறதெண்டால்…”

“ஆம் அல்லது இல்லை.”

“ஓம்.”

துரை பேனாவை எடுத்துக் கொஞ்ச நேரம் எழுதினார். காட்டுக்காரர்கள் இதுவரை எப்படிக் குளிர் தாங்கினார்கள் என்ற கேள்விக்கு அவருக்கு விடை கிடைத்துவிட்டது போலிருந்தது.

புஷ்பவள்ளி மெதுவாகச் சொன்னாள், “ஊர்ச் சூடெல்லாம் அங்க போவுது. நான் ஒருத்திதான் போக வுடாமப் புடிச்சு வச்சிருக்கேன். என்னையப் போய் லோரில ஏத்துறீங்களே.”

துரையின் பேனா நின்றது.

“அது மெய்ப்பிக்கப்பட வேண்டும்.”

ஏற்பாடு இதுதான். மாலை ஐந்து மணிக்கு மீரா சாகிபு நானா கையாலேயே சட்டியில் சோறு போடுவார். பெட்டியை வாசல் காவல்கொட்டகையில் வைத்து மூடி, பலகை இடுக்கெல்லாம் ரப்பர் பாலை ஊற்றித் தோட்டத்து முத்திரையைக் குத்துவார்கள். உடையப்பன் காவல். காலை நாலரைக்குத் திறக்கும்போது நூற்றிருபதுக்குக் கீழே இருந்தால் புஷ்பவள்ளி லோரியில் ஏற வேண்டும். அதற்காக லோரியும் அங்கேயே நின்றது. டிரைவர் லயத்தில் ஒரு பாய் கேட்டு வாங்கிக்கொண்டான்.

“சேலையெல்லாம் மூட்ட கட்டி வைக்கவா மாமா?”

“எதுக்கு? தலகாணியே பெட்டிக்குள்ள இருக்கு. தலகாணி இல்லாம எங்க போவ?”

ஆனால் மூடி போடுவதற்கு முன்னால் சன்னாசி காவல்கொட்டகைக்கு வந்தான். கல்யாணத்துக்கு அவன் அப்பா வாங்கிக் கொடுத்த கம்பளியைக் கக்கத்தில் வைத்திருந்தான். யாரையும் பார்க்காமல் அதை நாலாக மடித்துச் சட்டிக்கு மேல் வைத்தான். ஓரங்களை விரலால் உள்ளே செருகினான், பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி.

“மேலதான் ஏறும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

காலையில் வேலிக்குள் இருந்த அத்தனை பேரும் வாசலில் கூடியிருந்தார்கள். முத்திரை கலையவில்லை. மூடியைப் பெயர்த்ததும் கம்பளியை எடுத்தார்கள், தலையணையை எடுத்தார்கள். கிராணி தெர்மாமீட்டரை விட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“நூற்று முப்பத்து மூன்று.”

புஷ்பவள்ளி மூச்சை விட்டாள். விட்டிருக்கக் கூடாது.

“காவலரே,” என்றார் துரை, “இரவு நீர் எங்கே அமர்ந்திருந்தீர்?”

“பெட்டி மேலங்க தொரை. நாக்காலி இல்லீங்க.”

“எவ்வளவு நேரம்?”

“விடிய விடிய.”

“ஆகவே இச்சூடு காவலருடையது. அம்மணி, லோரியில் ஏறும்.”

டிரைவர் பாயைச் சுருட்டி உரியவரிடம் கொடுத்துவிட்டு வண்டியை முடுக்கினான். உடையப்பன் அழுகிற மாதிரி நின்றான். “சத்தியமா அக்கா, நான் ஒண்ணும் குடுக்கலக்கா.”

“தெரியும்டா.” புஷ்பவள்ளி துரைக்கு முன்னால் வந்து நின்றாள். “தொரை, இவன அளங்க.”

“என்ன?”

“சோத்த அளந்தீங்க, சாம்பல அளந்தீங்க. இவன அளங்க.”

துரை மறுக்க ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. உடையப்பன் சட்டையைக் கழற்றி, புகை நாற்றமும் சோற்றுப் பசையும் ஒட்டிய தெர்மாமீட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடி நின்றான். கல்யாண மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

“தொண்ணூற்றேழு,” என்றார் கிராணி.

“கேட்டீங்களா தொரை? தொண்ணூத்தேழுல இருக்கவன், நூத்து முப்பத்து மூணுல இருக்க சோத்துக்குச் சூட எப்படிங்க குடுப்பான்? பள்ளத்துல கெடக்க தண்ணி மேட்டுல ஏறுமா?”

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மீரா சாகிபு நானா குரல் கொடுத்தார். “முப்பது வருசமா டீ ஆத்துறேன் தொரை. ஆறிப்போன டீ பக்கத்துல இருந்த சூடான டீயை இன்னும் சூடாக்குச்சுன்னு நான் கேள்விப்பட்டதில்ல.”

“நேற்றுச் சொன்னது பௌதிகத்தில முதலாவது விதி. இது இரண்டாவது விதி துரை,” என்றார் கிராணி.

“மொத்தம் எத்தனை விதிகள்?”

“மூண்டு எண்டு சொல்லுவினம்.”

“மூன்றாவதை இப்பொழுது கூற வேண்டாம்.” துரை கையைத் தூக்கினார். லோரி அடங்கியது. அவர் உடையப்பனைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

“அதாவது, இவர் சோற்றுக்குச் சூடு கொடுக்கவில்லை. சோறுதான் இவருக்குக் கொடுத்துள்ளது. காவலரே, எவ்வளவு எடுத்தீர்?”

“நான் எங்கங்க எடுத்தேன்? விடியக்கால கொஞ்சம் குளுரா இருந்துச்சு. அடியில லேசா இதமா இருந்துச்சு.”

“இதமாக இருந்தது. கிராணி, எழுதிக்கொள்ளும்.”

அனுமதியின்றி உணவுப் பங்கீட்டுச் சூட்டைப் பெற்றுக்கொண்டதாக உடையப்பனுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கிடைத்தது. அவன் அதை வாங்கி, எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டுப் போட்டான். லோரி வெறும் வண்டியாகத் திரும்பிப் போனது.

துரை போகவில்லை. நேற்று எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பெட்டிச் சோறு காப்பாற்றப்பட்டது, சரி. மற்றவர்களின் சூடு இன்றைக்கும் போகுமே. முந்நூறு பேருக்கும் பெட்டியும் கம்பளியும் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

“கிராணி, சூடு வேலியைத் தாண்டாதிருக்க வேறு வழி யாது?”

சிவானந்தம் புஷ்பவள்ளியைப் பார்த்தார். அவள் சன்னாசியைப் பார்த்தாள். அவன் தன் கம்பளியை உதறிக்கொண்டிருந்தான். அவள் துரை பக்கம் திரும்பினாள்.

“தண்ணி ஊத்துங்க தொரை.”

“விளக்கும்.”

“சுடுசோத்துல பச்சத் தண்ணி ஊத்தினா, சூடு தண்ணிக்குள்ள போயிரும். தண்ணி சட்டிக்குள்ள இருக்கும். சட்டி வேலிக்குள்ள இருக்கும்.”

“பௌதிகப்படி இது சரியா?”

“இதைவிடத் தெளிவா என்னாலயும் சொல்ல ஏலாது துரை.”

துரை நெற்றியைத் தடவினார். ஏதோ ஒன்று அவருக்கு நினைவு வந்துகொண்டிருந்தது. வந்தும் விட்டது.

“அம்மணி. அது பழைய சோறு அல்லவா?”

புஷ்பவள்ளி கண் இமைக்கவில்லை.

“பழைய சோறு நாங்க ஊத்துறது தொரை. இது கவர்மெண்டு ஊத்துறது.”

துரை அந்த வித்தியாசத்தை வெகு நேரம் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். அவர் வேலை பார்த்த இடத்தில் அது பெரிய வித்தியாசம்தான்.

அந்த வாரமே உத்தரவு மாறியது. பசிக்குத் தின்றது போக மிஞ்சும் சோற்றை ஆறு மணிக்குள் காவல்கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். காவலர் முன்னிலையில், காவலர் கையால், ஒவ்வொரு சட்டியிலும் மூன்று கோப்பைத் தண்ணீர் ஊற்றி, அதன் சூடு கைப்பற்றப்படும். சூடு பிடிபட்ட சோற்றை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சட்டியை வேலிக்கு வெளியே கொண்டுபோனால் தண்டனை.

ஆறு மணிக்கு வரிசை வாசல் வரை நின்றது. புஷ்பவள்ளியின் முறை வந்தது. உடையப்பன் தகரத் தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று. நோட்டில் கோடு போட்டான்.

“இன்னும் ஒண்ணு ஊத்துடா.”

“மூணுதான் அக்கா. எழுதியிருக்கு.”

“சோறு முழுவல. பாதி மேல நிக்குது பாரு.”

“எல்லாருக்கும் அதேதான். போக்கா, பின்னால ஆளு நிக்குது.”

“தொட்டுப் பாரு. மேல இன்னும் வெதுவெதுன்னு இருக்கு.” சட்டியை அவன் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். “இப்படியே எடுத்துட்டுப் போறேன். மிச்சச் சூடு எந்தப் பக்கம் போவும்னு ஒனக்கே தெரியும். நாளைக்குத் தொரை கேட்டா, உடையப்பன்தான் போக வுட்டான்னு சொல்றேன்.”

உடையப்பன் காட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு கோப்பையைத் தொட்டிக்குள் விட்டான்.

“நெறைய மொள்ளு,” என்றாள் புஷ்பவள்ளி.